சித்தூர் சேராத ஹெலிகாப்டர்

சித்தூரும் திருப்பதியும், எந்த மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழருக்கும் அயலூர்களாகத் தோன்றா. முன்னாளில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த பூமி அது. சித்தூர்க் கடைவீதியில் இன்றும் தமிழ் கேட்கிறது. அந்த மாவட்டத்தை நாடிப் புறப்பட்டு, அதனை அடையாமலே முடிந்துபோன ஒரு பிரயாணத்தை இங்கு ஆராய்வோம்.

2009 செப்டம்பர் 2ஆம் நாள் காலையில், ஆந்திர முதலமைச்சர் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்தினின்றும் ஹெலிகாப்டரில் கிளம்பினார். சித்தூர் மாவட்டத்தில் ‘ரச்சபண்டா’ என்னும் மக்கள் சந்திப்பைத் தொடங்கிவைப்பது நோக்கம். (ரச்சபண்டா என்பது நம் ஊர் மரத்தடி மேடைதான்.) இரவு ரயிலேறுவோர் மறுநாட் காலையில் திருப்பதியில் இறங்கும் தூரம் அது, ஹெலிகாப்டருக்கோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இடையில் நல்லமலைக் காடு. அங்கே, மழை மேகத்தினிடையே, தொடர்பு அறுந்தது. மறுநாள் மலையுச்சியில் சிதைவுகளைக் கண்டனர். ஐவரும் மாண்டிருந்தனர்.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2002 மார்ச் 3ஆம் நாள், மக்களவைத் தலைவர் பாலயோகி இதே ஆந்திரத்தில், கைகலூர் அருகே உயிரிழந்தார். அவர் ஏறிச் சென்றது பெல் 206 என்னும் இலகுரக ஹெலிகாப்டர். அதற்கு எஞ்சின் ஒன்றே. விலை குறைவு, எரிபொருள் குறைவு, பராமரிப்புச் செலவும் குறைவு. உலகெங்கும் அது பரவியதன் காரணம் இதுவே. எஞ்சின் நின்றாலும் உடனே கல்லைப்போல் வீழ்ந்துவிடாது. கீழிறங்கும் வேகத்தில் மேலெழும் காற்றே இறக்கைகளைச் சுழற்ற, திறமையுள்ள விமானி வெட்டவெளியில் இறக்கிவிடலாம். காட்டின்மேல் வெட்டவெளிக்கு எங்கே போவது? ஆதலால், பொருள் மிகுதியாகச் செலவானாலும் இரண்டு எஞ்சின் வேண்டும் என்பர். நியாயமான வாதமே.

ஆனால், முதலமைச்சர் சென்ற பெல் 430க்கு எஞ்சின்கள் இரண்டு; விமானிகளும் இருவர். அவ்விரு எஞ்சின்களும் சுழற்றுவது ஒரே கியர்ப் பெட்டியை. அதன் எண்ணெய் அழுத்தம் பற்றி ஐயம் எழுந்தபோது, விமானிகள் கையேட்டைப் புரட்டுவதில் ஆறு நிமிஷங்களுக்கு மேல் ஆழ்ந்துவிட்டனர் என்றும், இடிமேகத்தின் கீழிழுக்கும் காற்றில் ஹெலிகாப்டர் கட்டுக்கடங்காது போயிற்று என்றும் விசாரணைக் குழு கண்டது. கைகலூரிலும் எஞ்சினைக் குறை கூறவில்லை. பார்வை மங்கிய வானில் மீன்குளத்தைத் தரையென்று எண்ணி இறங்க முயன்றதே விபரீதமாயிற்று.

இரு விபத்துகளிலும், பணம் கொடுத்து வாங்கிய இரண்டாம் எஞ்சினைவிட உதவியிருக்கக்கூடியது, வானம் கறுத்ததும் திரும்பிவிடுவது. அதற்கு ஆகும் செலவு சிறிது எரிபொருளும் ஒரு நாளும்தான். ஆயினும் கணக்கில் ஏறாத செலவு வேறு உண்டு: காத்திருக்கும் கூட்டம், அறிவித்துவிட்ட விழா, பின்னிருக்கையில் முதலமைச்சர். அவர் வற்புறுத்தினார் என்று நாம் கூறவில்லை. வற்புறுத்த ஒருவரும் இல்லாதபோதும் அப்பாரம் விமானியின் தோளிலேயே இருக்கும்.