ஐம்பது டாலர்

குத்துச்சண்டைப் படம் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. எப்படியும் கடைசி ரவுண்டில் நாயகன் எழுந்துவிடுவான். 'தி செட்-அப்' படத்தைக் கல்லூரி நாட்களில் சண்டைக்காகத்தான் பார்த்தேன். போன வாரம் மறுபடி பார்த்தபோது மனதில் நின்றது சண்டையல்ல, ஒரு 50 டாலர்.

1949இல் ராபர்ட் வைஸ் இயக்கிய படம். 72 நிமிடம்தான், கதையிலும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஓடுகிறது. தெருக் கடிகாரம் இரவு 9.05 காட்டும்போது ஆரம்பம். ஸ்டோக்கர் தாம்ப்சனுக்கு 35 வயது. குத்துச்சண்டையில் அது கிழட்டு வயசு. அவனுடைய மேனேஜர் டைனி, சூதாட்டத் தாதா ஒருவனின் ஆளிடம் 50 டாலர் வாங்கிக்கொண்டு, ஸ்டோக்கர் தோற்பான் என்று வாக்குக் கொடுக்கிறான். ஸ்டோக்கரிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. எப்படியும் அடிவாங்கி விழப்போறவன், அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

ஊழல் படங்களில் நாயகன் முன் பணக்கட்டை நீட்டுவார்கள். வாங்குவானா மாட்டானா என்று நாம் பதறுவோம். ஸ்டோக்கருக்கு அந்த மரியாதைகூட இல்லை. ஜெயித்துவிடுவானோ என்ற பயம் வந்த பிறகுதான், கடைசி ரவுண்டு நேரத்தில் அவனிடம் உண்மையைச் சொல்கிறார்கள்.

நிஜத்தில் விலை வேறு மாதிரி இருந்தது. 1947 நவம்பரில் ஜேக் லமோட்டா, பில்லி ஃபாக்ஸிடம் நான்காவது ரவுண்டில் தோற்றார். வேண்டுமென்றே தோற்றதாக 1960இல் அமெரிக்க செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக அவர் கேட்டது சாம்பியன் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு. 'தி செட்-அப்' வெளியான அதே 1949இல் பட்டம் அவர் கைக்கு வந்தது. பெரிய ஆட்டக்காரனிடம் பேரம் பேசுவார்கள். ஸ்டோக்கர் மாதிரி ஆட்களிடம் யார் பேசுவது?

இன்னொன்றும் உறுத்தியது. படத்தின் மூலம், ஜோசப் மன்கியூர் மார்ச் 1928இல் வெளியிட்ட நெடுங்கவிதை. அதில் நாயகன் கறுப்பினத்தவன். படத்தில் அவன் வெள்ளையனாகிவிட்டான். மார்ச்சுக்கு இதில் கடும் கோபம். ராபர்ட் ரயன் கல்லூரியில் நிஜமாகவே குத்துச்சண்டை போட்டவர், நடிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் உடைமாற்றும் அறையில் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின நடிகர் சின்ன வேடத்தில் வருகிறார். இந்த முறை அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டோக்கர் ஜெயிக்கிறான். பின்சந்தில் மடக்கி அவன் கையை நொறுக்குகிறார்கள். பக்கத்து நடன அரங்கில் பாட்டு நிற்கவில்லை. பணம் வாங்கிய டைனி, மணி அடிக்கும் முன்பே நழுவிவிட்டிருந்தான்.