மூணாவது தடவைதான் 'ஆஹா'! - 'டேக் ஆன் மீ' உலகம் சுற்றிய கதை

காமிக்ஸ் புத்தகத்துக்குள்ள இருந்து பென்சிலில் வரைஞ்ச ஒரு கை வெளியே நீண்டு, காபி கடையில உட்கார்ந்திருக்கும் பெண்ணை உள்ளே கூப்பிடும். அந்த வீடியோவை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. நார்வே நாட்டு 'ஆ-ஹா' இசைக்குழுவின் முதல் சிங்கிளான 'டேக் ஆன் மீ'தான் அது. யூடியூபில் 100 கோடி பார்வைகளை 2020 பிப்ரவரியில் தாண்டிய பாட்டு. ஆனா, பிரிட்டனில் இதே பாட்டு ரெண்டு தடவை ரிலீஸாகி, ரெண்டு தடவையும் காணாமப் போனது பலருக்குத் தெரியாது.

மார்ட்டன் ஹார்கெட், மாக்னே ஃபுருஹோல்மன், பால் வாக்தார் என மூணே பேர். மாக்னேவும் பாலும் ஏற்கெனவே 'பிரிட்ஜஸ்' என்ற குழுவில் இருந்தவங்க. 'டேக் ஆன் மீ'யின் துள்ளலான கீபோர்டு மெட்டு, அப்போ மாக்னே டீன் ஏஜில் உருவாக்கியது. குழுவோட பெயர்கூட பாலின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வெச்சிருந்த ஒரு பாட்டுத் தலைப்புதான். நம்ம 'ஆஹா'வேதான், அர்த்தமும் கிட்டத்தட்ட அதே!

ஆஸ்லோவில் இருந்தா உலகத்துக்குக் கேட்காதுனு 1983-ல் மூணு பேரும் லண்டன் கிளம்பினாங்க. கையில காசு இல்லாம அல்லாடிய காலத்துக்குப் பிறகு, வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைச்சது. தயாரிப்பாளர் டோனி மேன்ஸ்ஃபீல்ட் மேற்பார்வையில் பாட்டு பதிவாகி, 1984 அக்டோபரில் வெளியானது. சொந்த நாடான நார்வேயில் நல்ல வரவேற்பு. பிரிட்டனிலோ 137-வது இடத்தோட சரி. நீலப் பின்னணியில் குழு பாட, கூடவே நடனம்னு அதுக்கும் ஒரு வீடியோ இருந்தது. இப்போ பார்த்தா பாவமா இருக்கும்.

அடுத்து ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரிடம் பாட்டு போனது. அவர் குழுவின் பழைய டெமோவுக்கு நெருக்கமா, எளிமையா மறுபடி பதிவு செஞ்சார். மெட்டு அதேதான். ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா வித்தியாசம் புரியும். முதல் பதிவில் இயந்திர ஒலிகளுக்கு நடுவே ஹார்கெட் குரல் அமுங்கிக் கிடக்கும். ரெண்டாவதில் அந்தக் குரல் இரண்டரை ஸ்தாயி ஏறி உச்சியைத் தொடும்போது, மத்ததெல்லாம் வழிவிடும். இவ்வளவு செஞ்சும் 1985-ல் பிரிட்டனில் மறுபடி தோல்வி!

இங்கேதான் அமெரிக்க வார்னர் அலுவலகம் புகுந்தது. அங்கே இருந்த ஜெஃப் அய்ராஃப், மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' வீடியோவை எடுத்த ஸ்டீவ் பாரனை இயக்குநரா பிடிச்சார். மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் ஜோடி படமாக்கிய காட்சிகளின் மேல ஒவ்வொரு ஃப்ரேமா பென்சிலால் வரைஞ்சாங்க. ரோட்டோஸ்கோப்பிங்னு இதுக்குப் பெயர். கிட்டத்தட்ட 3,000 ஃப்ரேம்கள், நாலு மாச உழைப்பு. ரெண்டு தடவை தோத்த பாட்டுக்கு இப்படி செலவு பண்ண தனி தைரியம் வேணும்.

எம்டிவி விடாம ஒளிபரப்ப, 1985 அக்டோபர் 19 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் பாட்டு நம்பர் 1. அமெரிக்காவில் அந்த இடத்தைத் தொட்ட முதல் நார்வே குழு இவங்கதான். மூணாவது ரிலீஸில் பிரிட்டனும் இறங்கி வந்து 2-வது இடம் கொடுத்தது. 1986 எம்டிவி விருதுகளில் 6 விருதுகள். 'ஆண்டின் சிறந்த வீடியோ' மட்டும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'மணி ஃபார் நத்திங்'குக்குப் போச்சு. அதையும் எடுத்தது இதே ஸ்டீவ் பாரன்தான்!

'வீடியோ இல்லைன்னா இந்தப் பாட்டே இல்லை'னு சொல்றவங்க உண்டு. அவங்க, 2017-ல் நார்வேயின் கிஸ்கே தீவில் எம்டிவி அன்ப்ளக்டுக்காக ஆ-ஹா வாசிச்ச வடிவத்தைக் கேட்கலாம். டிரம் மெஷினும் இல்லை, பென்சிலும் இல்லை. துள்ளலைத் தூக்கிட்டு, மெதுவா, சோகமா பாடியிருப்பாங்க. அடுத்த வருஷமே 'டெட்பூல் 2' படத்தில் அந்த வடிவத்தைத்தான் பயன்படுத்தினாங்க.