காலி வண்டிக் கணக்கு

"அக்கா, இரும்பு டெஸ்ட்டுல போன தடவை 390, இப்போ 480. ஏறியிருக்கே, நல்லதுதானே?" எதிர்வீட்டு மருமகள் லேப் சீட்டை நீட்டினாள். முகம் வெளுத்துக் கிடந்தது. திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருக்காரர்கள் டாக்டரிடம் போகும்முன் என்னிடம்தான் சீட்டைக் காட்டுவார்கள். முப்பது வருஷம் ரத்தம் பார்த்தவளாயிற்றே.

நான் வேலைக்குச் சேர்ந்த 1984இல் எங்கள் லேபில் சோகைக்கு இருந்தது சாலி முறை ஒன்றுதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ரத்தத்தை விட்டால் பழுப்பாகிவிடும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்துக் கண்ணாடியின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழைநாளில் ஆளுக்கொரு அளவு சொல்வோம். எப்படியும் அது சொல்வது ஹீமோகுளோபினை மட்டும். இரும்பு எதில் ஏறி வருகிறது என்பதை அல்ல.

அந்தச் சேதி முட்டையிலிருந்து கிடைத்தது. பச்சை வெள்ளைக்கருவில் கிருமி ஏன் வளர்வதில்லை என்று 1944இல் அமெரிக்காவில் ஷேடும் கரோலைனும் ஆராய்ந்தார்கள். இரும்பை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கூடுதலாக இரும்பு சேர்த்ததும் கிருமி தழைத்தது. 1946இல் மனித ரத்தத்திலும் அதே குணமுள்ள புரதத்தைக் கண்டார்கள். மறுவருஷம் சுவீடனின் ஹோம்பெர்கும் லாரலும் அதற்கு டிரான்ஸ்ஃபெரின் என்று பேர் வைத்தார்கள். டிவிஎஸ் 50 மாதிரி என்பேன் நான்: ஒரு வண்டியில் இரண்டு இரும்பு அணு, அதற்குமேல் இடமில்லை.

பின்னாளில் எங்கள் லேபிலும் இந்த வண்டிகளை எண்ண ஆரம்பித்தோம். அந்தப் பழைய முறை வேடிக்கையான வேலை. சீரத்தில் வேண்டுமளவு இரும்பைக் கொட்டி எல்லா இருக்கையையும் நிரப்புவோம். இடம் கிடைக்காத இரும்பை மக்னீசியம் கார்பனேட் பொடி பிடித்துக்கொள்ளும். சுழற்றி, தெளிந்ததை எடுத்து, ஏறிய இரும்பை நிறம் வைத்து அளப்போம். கண்ணாடிக் குழாயை அமிலத்தில் கழுவியாக வேண்டும். புதிதில் நான் போர்த் தண்ணீரில் அலசிவிட்டேன். எலும்பும் தோலுமான ஒரு பாட்டிக்குப் பயில்வான் கணக்கில் இரும்பு வந்தது! காலுக்கடியில் செம்புறாங்கல், பக்கத்துப் பொற்பனைக்கோட்டையில் இரும்பு உருக்கிய தடயம்: எங்கள் சீமையில் அது தண்ணீரிலும் வரும், உடம்பில்தான் தங்காது.

மருமகளிடம் சொன்னேன்: "இது சரக்குக் கணக்கு இல்லடி, வண்டிக் கணக்கு. இருப்பு குறையக் குறைய ஈரல் வண்டியைக் கூட்டிக்கிட்டே போகும். 250லேர்ந்து 450 வரைக்கும் சரி. உனக்கு வண்டி 480, ஏறின இரும்பு 30. நூறு சீட்டுல ஆறுதான் நிறைஞ்சிருக்கு. குறைஞ்சது இருபது நிறையணும்." நாள்பட்ட அழற்சியோ ஈரல் கோளாறோ இருந்தால் வண்டியே குறைந்துவிடும், அதனால் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

"அப்போ மாத்திரையா? ஆத்தா அன்னபேதிச் செந்தூரம் சாப்பிடச் சொல்றாங்க."

சிரித்துவிட்டேன். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். 1970இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரையிலும் அந்த உப்புதான். "ஆத்தா சொல்ற சரக்கு சரி. அளவை டாக்டர் சொல்லட்டும். போட்ட கையோட டீ மட்டும் குடிச்சிடாதே, இரும்பை ஏற விடாது."

நான் போட்டுவைத்த டீயை அவள் தொடாமலே போனாள்.