செவ்வாய்க்கு நேர்வழி கிடையாது

2013 நவம்பர் 5 பிற்பகல் 2.38-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் சுமந்து சென்ற இந்தியாவின் செவ்வாய்க் கலமான மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருள்தான். இந்தப் பயணத்தின் கதையே அந்த 852 கிலோவை எங்கே, எப்போது செலவழித்தார்கள் என்பதுதான்.

பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலைக்கு வருவது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை. இன்று செவ்வாய் இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை. பத்து மாதம் கழித்து அது வரப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். பூமியின் பாதையை ஒரு முனையிலும் செவ்வாயின் பாதையை மறுமுனையிலும் தொடுகிற அரை நீள்வட்டமே சிக்கனமான வழி என்று ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் ஹோமான் 1925-லேயே எழுதிவிட்டார்.

பதின்மூன்று நாள் கழித்துக் கிளம்பிய நாசாவின் செவ்வாய்க் கலம் மேவன், வலிமையான அட்லஸ் ராக்கெட்டில் நேரே அந்தப் பாதையில் ஏறிக்கொண்டது. பி.எஸ்.எல்.வி.க்கு அந்தப் பலம் இல்லை. அதனால் மங்கள்யான் பூமியையே சுற்றிச் சுற்றி ஏறியது. ஒவ்வொரு முறையும் பூமிக்கு மிக அருகே, அதாவது வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில், எஞ்சினை இயக்கினார்கள். அங்கே எரிக்கும் ஒரு கிலோவுக்குத்தான் அதிகபட்சப் பலன். நவம்பர் 11 அன்று நொடிக்கு 130 மீட்டர் கூடவேண்டிய வேகம் 35 மீட்டரே கூடியது. மறுநாளே அந்தக் குறையை ஈடுகட்டினார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்: ராக்கெட்டின் போதாமையைப் பொறுமையால் நிரப்பிய நாட்கள்.

டிசம்பர் 1 நள்ளிரவுக்குப் பின் சுமார் 22 நிமிடம் எரிந்த எஞ்சின் கலத்தைப் பூமியின் பிடியிலிருந்து விடுவித்தது. பிறகு ஏறக்குறைய 300 நாள் அந்த எஞ்சின் உறங்கியது. சூரியனின் ஈர்ப்பே கலத்தை வளைத்துக் கொண்டுசென்றது. இடையில் சிறு உந்திகளால் இரண்டு திருத்தங்கள், அவ்வளவுதான்.

அத்தனை நாள் உறங்கிய எஞ்சின் விழிக்குமா? 2014 செப்டம்பர் 22 அன்று திட்ட இயக்குநர் சுப்பையா அருணனின் குழு அதை நான்கு நொடி இயக்கிப் பார்த்தது. விழித்தது. செப்டம்பர் 24 காலை, எதிர்த்திசையில் சுமார் 23 நிமிடம் எரித்து வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்திருக்காவிட்டால் கலம் செவ்வாயைக் கடந்து சூரியனைச் சுற்றப் போயிருக்கும். எஞ்சின் எரியும்போதே கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தது. சமிக்ஞை வந்துசேரவே பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே எல்லாக் கட்டளைகளும் முன்பே ஏற்றப்பட்டிருந்தன.

அமைந்த பாதை, அருகில் 421 கிலோமீட்டர், தொலைவில் 76,993 கிலோமீட்டர். அதைச் சிறு வட்டமாகச் சுருக்கப் போதிய எரிபொருள் மிச்சமில்லை. ஆனால் அந்த நெடிய பாதைதான் செவ்வாயின் முழு முகத்தையும் ஒரே படத்தில் பிடிக்க உதவியது. செவ்வாயின் நிலவான டீமோஸுக்கு அப்பால் சென்று, செவ்வாயை நோக்காத அதன் மறுபக்கத்தையும் படமெடுக்க வைத்தது.