பணியிடத்தில் ஆட்டிசம்: உட்கிடையும் இருவழி இடரும்

1. வரையறை

சொல்லிலேயே அடங்கிய பொருளை நேர்பொருள் என்றும், கேட்பவரே உய்த்துணருமாறு சொல்லாமல் விடப்பட்டதை உட்கிடை என்றும் வழங்குவோம். ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பணியிடத்தில் எதிர்கொள்ளும் பரிமாற்ற இடர் பெரிதும் இவ்விரண்டின் இடைவெளியில் பிறப்பது.

2. வகை

இவ்விடர் மூவகைப்படும். முதலாவது ஏவலில் நேர்வது. "நேரம் கிடைக்கும்போது இந்தக் கோப்பைப் பார்த்துவிடுங்கள்" என்கிறார் மேலாளர். மாலைக்குள் வேண்டும் என்பது உட்கிடை. கேட்டவர் கைவேலையை முறையாக முடித்து, மறுநாள் கோப்பை எடுக்கிறார். சொன்னபடி செய்தவர் அலட்சியக்காரர் எனப் பெயரெடுக்கிறார். விடுப்புக் கேட்டவருக்குக் கிடைக்கும் "பார்க்கலாம்" என்ற விடையும் இவ்வகையே. நம் அலுவலகங்களில் அது பல வேளைகளில் மறுப்பு. இரண்டாவது, பலர் மாறி மாறிப் பேசும் கூட்டத்தில் தம் முறை எதுவென அறிய இயலாமை.

மூன்றாவது மெய்ப்பாட்டில் நேர்வது. கண்ணோக்காமையும் ஏற்ற இறக்கமற்ற குரலும் செருக்காகக் கொள்ளப்படுகின்றன. இதுவே கொடிது என்பது எம் துணிபு. முன்னவை பணியைத் தாக்க, இது ஆளையே தாக்குகிறது. இதற்கு அஞ்சிப் பலர் தம் இயல்பை அடக்கி, பிறர் பாவனைகளைப் பயின்று நடந்துகொள்கின்றனர். இந்த இயல்புமறைப்பு நாள்தோறும் தொடர்ந்தால் கடுஞ்சோர்வில் முடியும்.

3. காரணம்

இடரை ஆட்டிசம் உடையவரிடம் மட்டுமே காண்பது பழைய கொள்கை. தாமும் ஆட்டிசம் உடையவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், 2012இல் அதை மறுத்தார். இரு தரப்பும் ஒருவரையொருவர் உணரத் தவறுகின்றன என்றார். இதனை இருவழிப் புரிதலிடர் எனலாம். 2020இல் வெளியான கேத்தரின் குரோம்ப்டன் குழுவினரின் ஆய்வு இதற்கு வலுவூட்டியது. எட்டுப் பேர் கொண்ட தொடர்களில் ஒரு கதை வாய்வழியே கடத்தப்பட்டது. ஆட்டிசம் உடையோர் மட்டுமே இருந்த தொடர்களில், அது இல்லாதோர் தொடர்களுக்கு நிகராகவே கதை நிலைத்தது. இருசாராரும் கலந்த தொடர்களில்தான் மிகுதியாகத் தேய்ந்தது. ஆட்டிசம் உடையோரின் திறன்குறைவே காரணமாயின், அவர்கள் மட்டுமே இருந்த தொடர்களிலன்றோ தேய்வு மிக்கிருக்கும்?

4. தீர்வு

காரணம் இருவழியாதலின் ஏவுவோரும் மாறவேண்டும். எது, எப்போதைக்கு, எவ்வளவு என்பவற்றை எழுத்தில் தருதல் முதற்படி. கூட்டத்தின் பொருள்நிரலை முன்னதாகவே அளித்தல் அடுத்தது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தைத் தன் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறன் கொண்ட ஊழியருக்குத் தக்க வசதி செய்துதர வேண்டும் என்கிறது அதன் 20ஆம் பிரிவு. வசதி என்றதும் சாய்தளமும் மின்தூக்கியுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தெளிவாக எழுதப்பட்ட ஏவலும் அவ்வசதியில் அடங்கும் என்பது எம் வாதம். ஆயினும் கேட்டுப் பெறவேண்டிய வசதியாக அது நிற்குமளவும், தம் நிலையை வெளிப்படுத்தத் தயங்குவோருக்கு எட்டாது. ஆதலின் எல்லா ஊழியருக்கும் உரிய பொதுநடைமுறையாகவே அதனை வகுத்தல் வேண்டும்.