விருந்தினரின் இரக்கமும் வீட்டாரின் சட்டமும்

ஒரு நாட்டு மக்களின் உணவு வழக்கத்தை வேற்று நாட்டார் கண்டிக்கும்போது, அக்கண்டனத்தில் இரக்கம் எவ்வளவு, இறுமாப்பு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. தென்கொரியாவில் இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட நாய்களை மீட்பதற்கென அங்கு வாழ்ந்த மேலைநாட்டார் நிதி திரட்டிய வரலாறு, இவ்விரண்டின் நிழலும் படிந்த வரலாறாகும். இந்நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில், சியோல் நகரின் இத்தேவொன், ஹேபாங்சொன் ஆகிய பகுதிகளிலும் தேகு, புசான் முதலிய நகரங்களிலும், ஆங்கிலம் கற்பிக்க வந்திருந்த அமெரிக்கரும் கனேடியரும் பிரித்தானியரும் வார இறுதிகளில் இசைநிகழ்ச்சிகள் நடத்தினர். பொது அறிவுப் போட்டிகள் வைத்தனர். பலகாரமும் நாய்களின் படம் அச்சிட்ட நாட்காட்டிகளும் விற்றனர். சேர்ந்த பணம் நாய்க் காப்பகங்களுக்குத் தீனியாகவும் தடுப்பூசியாகவும் விமானக் கட்டணமாகவும் சென்றது. இத்தகைய தருமம் எதுவரை செல்லவல்லது, அதற்கப்பால் வேண்டப்படுவது யாது என்ற கேள்விக்கு, 2024ஆம் ஆண்டில் கொரியா இயற்றிய சட்டம் தெளிவான ஒரு விடையைத் தந்திருக்கிறது. அவ்விடையை விளங்கிக்கொள்வதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

கொரியாவில் நாயிறைச்சி உண்ணும் வழக்கம் உழவும் வறுமையும் வளர்த்த வழக்கம். எருது ஏர் பூட்டுவதற்கு உரியது. அதனைக் கொல்வதற்குச் சொசொன் அரசர்கள் பலமுறை தடை விதித்தனர். கோடை வெயிலில் வயலில் வாடிய உழவன், ‘சம்பொக்’ எனப்படும் மூன்று வெப்ப நாள்களில், உடலைத் தேற்றுவதற்காக நாயிறைச்சிச் சாறு அருந்தினான். ஹொங் சொக்-மோ 1849இல் தொகுத்த பருவ வழக்கங்கள் பற்றிய நூலில் இவ்வுணவு குறிக்கப்பட்டுள்ளது. நிலச் சீர்திருத்தத்தை வலியுறுத்திய பேரறிஞர் சொங் யாக்-யொங், அரசதண்டனை பெற்றுத் தென்கரையில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த காலத்தில், அவ்வாறே தொலைதூரத் தீவொன்றில் தண்டனை அனுபவித்த தமையனாருக்கு 1811இல் ஒரு கடிதம் எழுதினார். உடல் நலிந்துபோகாதிருக்க அத்தீவின் காட்டு நாய்களைப் பிடித்து உண்ணுமாறு கூறி, சமைக்கும் முறையையும் அக்கடிதத்தில் விளக்கினார். இவ்வழக்கத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்க முற்படுவோர் இக்கடிதத்தை மனங்கொள்வது நன்று.

நாயைக் கொன்றதில் ஏகாதிபத்தியத்துக்கும் பங்குண்டு. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட யப்பான், போர்க்காலத்தில் படையினரின் குளிராடைக்குத் தோல் வேண்டிப் பெருந்தொகையான நாய்களைக் கொன்றது. நீண்ட மயிருடைய சப்சாரி என்னும் உள்நாட்டினம் அழிவின் விளிம்பை எய்தியது. 1992இல்தான் அதற்கு இயற்கைச் சின்னமென்ற பாதுகாப்புக் கிட்டியது. அதே யப்பானிய ஆட்சிதான் 1938இல் ஜிந்தோத் தீவின் நாயினத்தை இயற்கைச் சின்னமென அறிவித்துக் காத்தது. காக்கத்தக்கது, கொல்லத்தக்கது என நாய்களை இரண்டாக வகுக்கும் இம்முறை விடுதலைக்குப் பின்னரும் வேறு உருவில் நீடித்தது. வீட்டினுள் செல்ல நாய், கூண்டினுள் இறைச்சி நாய் என்பதே அப்புதிய வகுப்பு.

1950 முதல் 1953 வரை நடந்த போர் நாட்டைச் சாம்பலாக்கியது. பின்வந்த கைத்தொழில் வளர்ச்சிக் காலத்தில், கிராமத்தான் கோடையில் உண்ட உணவு நகரச் சந்தைக்குரிய பண்டமாயிற்று. 1978இல் இறைச்சிச் சுகாதாரச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நாய் நீக்கப்பட்டது. ஆயினும் கால்நடைச் சட்டத்தில் அது கால்நடையாகவே நின்றது. அஃதாவது, நாயை வளர்ப்பது சட்டத்துக்கு ஏற்றது. அதனைக் கொல்லும் இடத்தையோ முறையையோ பரிசோதிப்பார் எவருமில்லை. இந்த வெறுமையிலேதான் நாய்ப்பண்ணை செழித்தது. நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய கம்பிவலைக் கூண்டுகளில் பிறந்த நாய்கள், மண்ணை மிதியாமலே வளர்ந்து மடிந்தன. உணவகங்களின் எச்சிலே அவற்றின் தீனி. உணவுக் கழிவை நிலத்தில் புதைப்பதை 2005இல் அரசாங்கம் தடைசெய்தபின், அக்கழிவை ஏற்றுக்கொள்வதற்காகப் பண்ணையாளர் கூலியும் பெற்றனர். ஆகவே, இறைச்சி உண்ணாத நகரவாசியும் தன் எச்சிற் கலத்தின் வழியாக அப்பண்ணையோடு தொடர்புற்றிருந்தான் என்க.

இனி, வெளிநாட்டாரின் கண்டனத்துக்கு வருவோம். 1988 ஒலிம்பிக் விளையாட்டுக்குச் சியோல் ஆயத்தமானபோது, மேலைநாட்டு அமைப்புகள் நாயிறைச்சியைக் காட்டி எதிர்ப்புக் குரல் எழுப்பின. அன்றைய இராணுவச் சார்பான ஆட்சி, நாயிறைச்சிக் கடைகளை முக்கிய வீதிகளிலிருந்து அகற்றிச் சந்துகளுக்குள் தள்ளியது. ‘உடலைத் தேற்றும் சாறு’ என்று பொருள்படும் ‘பொஷின்தாங்’ என்ற பெயர் மறைந்து, ‘நான்கு பருவச் சாறு’ போன்ற பெயர்கள் கடைப் பலகைகளில் ஏறின. ஒரு நாயின் உயிரேனும் இதனாற் காப்பாற்றப்படவில்லை. அதே ஆட்சி, 1986, 1987ஆம் ஆண்டுகளில் சங்கே-தொங் என்னும் பகுதியின் குடிசைவாசிகளையும் பலவந்தமாக வெளியேற்றியது. வெளிநாட்டு விருந்தினரின் கண்ணிற் படக்கூடாதவை என்ற ஒரே பட்டியலில் ஏழையின் குடிசையும் நாயிறைச்சிக் கடையும் இடம்பெற்றன. மேலைநாட்டாரின் அருவருப்பை மட்டும் ஆற்றுவதற்கு எடுக்கப்படும் நடவடிக்கை எத்தகையதாக அமையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2002ஆம் ஆண்டின் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு முன்னர் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ 2001இல் கொரிய வானொலிக்கு அளித்த செவ்வியொன்றை இடைநடுவில் துண்டித்துக்கொண்டார். கொரியரை இழிவுபடுத்தும் அவருடைய பேச்சு, நாயிறைச்சியைத் தொட்டறியாத கொரியரையுங்கூடச் சினங்கொள்ளச் செய்தது. 1870–71 முற்றுகையின்போது பாரிஸ் மக்களே நாயும் பூனையும் உண்டு உயிர் பிழைத்தனர் என்ற வரலாற்றை அவர் நினைவுகூரவில்லை. அவமதிப்பாக வந்த அறவுரை, ஓர் உணவை நாட்டுப்பற்றின் சின்னமாக்கிவிட்டது. கொரியாவுக்குள்ளேயே அவ்வழக்கத்தை எதிர்த்து நின்றோர், அந்நியரின் ஊதுகுழல்கள் என்ற பழியைச் சுமக்க நேர்ந்தது.

நிதி திரட்டிய ஆசிரியர்கள் இவ்வகைக் கண்டனக்காரரினின்றும் வேறுபட்டவர்கள். கொரிய அரசாங்கம் 1995இல் தொடங்கிய திட்டத்தின் கீழும் தனியார் பயிற்சிக்கூடங்களின் வழியாகவும் வந்த இவர்களுட் பெரும்பாலோர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வாழ்ந்தவர்கள். இவர்கள் கூடிய இத்தேவொன், நெடுங்காலம் அமெரிக்கப் படைத்தளத்தின் நிழலில் வளர்ந்த பகுதி என்பது உண்மையே. எனினும், தொலைவிலிருந்து தூற்றுவதை விடுத்து, நகர்ப்புறத்துக்கு அப்பாலிருந்த காப்பகங்களுக்குச் சென்று கூண்டு கழுவியவர்களும், நாய்களை நடத்திச் சென்றவர்களும் இவர்களுள் இருந்தனர். கொரியத் தொண்டர்களோடு சேர்ந்து உழைத்தனர். அவ்வுழைப்பை ஏளனஞ் செய்வது நேர்மையாகாது.

ஆனால் அவ்வுழைப்பின் எல்லை எங்கே அமைந்தது? கொரியக் குடிவரவுச் சட்டம், வேறு சட்டம் இடந்தந்தாலன்றி, வெளிநாட்டார் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடுவதைத் தடைசெய்கிறது. வாக்குரிமையற்ற, ஓராண்டு விருந்தினருக்குத் திறந்திருந்த கதவு தருமத்தின் கதவு ஒன்றே. நாயைக் கூண்டிலிருந்து எடுக்கலாம். கூண்டைச் சட்டத்துக்குப் புறம்பானதாக்க அவர்களால் இயலாது.

எடுத்த நாயை வைத்திருப்பதற்கும் இடம் வேண்டுமல்லவா? கொரியக் குடும்பங்களுள் ஏறத்தாழப் பாதி அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. பண்ணைகளிலிருந்து மீட்கப்பட்ட பெரிய நாய்களை அங்கு ஏற்பார் அரியர். எனவே கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் பயணிகளைத் துணையாகக் கொண்டு நாய்களை விமானத்தில் அனுப்பும் முறை உருவாயிற்று. ஒரு நாய்க்கு வீடு தேடித் தருவதற்கு இத்தனை செலவும் முயற்சியும் வேண்டியிருந்தன. அனைத்துலக விலங்குநல அமைப்பொன்று 2015 ஜனவரியில் இல்சான் பகுதியில் ஒரு பண்ணையை அதன் உரிமையாளரின் இணக்கத்தோடு மூடி, 23 நாய்களை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. தொடர்ந்த ஆண்டுகளில் அவ்வமைப்பு மூடிய பண்ணைகள் 18. மீட்ட நாய்கள் 2,700க்கு மேல். பெருமுயற்சிதான். ஆனால் 2024இல் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி நாட்டிலிருந்த பண்ணைகள் 1,537; அவற்றிலிருந்த நாய்கள் ஏறத்தாழ 466,000.

தருமத்தின் மீது மட்டும் தங்கிய மீட்புப் பணிக்கு வேறோர் இடரும் உண்டு. மீட்கும் காட்சி நன்கொடையை ஈர்க்கும். மீட்டபின் பல்லாண்டு பேணும் அன்றாடச் செலவு எவர் கண்ணிலும் படுவதில்லை. 2019 ஜனவரியில், கொரியாவின் பெயர்பெற்ற மீட்பு அமைப்பொன்று, இடமின்மையைக் காரணமாக்கி, தான் மீட்ட இருநூறுக்கு மேற்பட்ட நாய்களை இரகசியமாகக் கொன்ற செய்தி அவ்வமைப்பின் ஊழியராலேயே வெளியாயிற்று. அதன் முன்னாள் தலைவருக்கு 2023இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. இதனை ஒருவரின் குணக்கேடு என்று மட்டும் கொள்வோமாயின், பண்ணைகள் பெருகியபடியிருக்கக் காப்பகங்களை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்த முறையின் குறையைக் காணத் தவறியவர்களாவோம்.

மாற்றத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. 1987இல் மக்கள் போராட்டம் சனநாயகத்தை வென்றெடுத்தபின் கொரியாவில் பலவகைக் குடிமக்கள் இயக்கங்கள் முளைத்தன. 1991இல் முதலாவது விலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வலுவற்றதாயினும் அது ஒரு பிடி. 2000ஐ அடுத்த ஆண்டுகளில் கொரியரே அமைத்த விலங்குநல இயக்கங்கள் நீதிமன்றம், நகரசபை, பாராளுமன்றம் என்னும் மூன்று வாயில்களையும் தட்டின. சொங்னாம் நகரின் மொரான் சந்தையில் நாய் கொல்லுவதை நிறுத்த 2016 டிசம்பரில் வியாபாரிகளோடு உடன்பாடு எட்டப்பட்டது. அந்நகரின் பெரிய கொல்களம் 2018இல் இடிக்கப்பட்டது. புசானின் குபோ சந்தையில் 2019 ஜூலையில் நாய் வியாபாரம் முடிவுற்றது. மின்சாரம் பாய்ச்சி நாயைக் கொல்வது குற்றமென 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இதனிடையே மக்களின் வாழ்வும் மாறியது. ஓராண்டுக்குள் நாயிறைச்சி உண்டதாகக் கூறியோர் 2015இல் நூற்றுக்கு 27 பேர்; 2022இல் 8 பேர். வீட்டில் நாய் வளர்த்த புதிய தலைமுறைக்குச் செல்ல நாய், இறைச்சி நாய் என்ற வேற்றுமை பொருளற்றதாயிற்று.

2024 ஜனவரி 9ஆம் நாள் தேசியப் பேரவை, உணவுக்காக நாய் வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடைசெய்யும் சட்டத்தை 208 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்கேனும் விழவில்லை. இருவர் நடுநிலை வகித்தனர். தண்டனை விதிகள் நடைமுறைக்கு வரும் காலம் 2027 பெப்ரவரி எனக் குறிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டுக்குள் பண்ணைகளில் நூற்றுக்கு எழுபது மூடப்பட்டன. தருமம் பல்லாண்டு முயன்று பதினெட்டுப் பண்ணைகளை மூடிய நாட்டில், சட்டம் ஒன்றரை ஆண்டில் ஆயிரத்துக்கு மேல் மூடியது.

இச்சட்டத்திலும் குறையுண்டு. 2023 நவம்பரில் பண்ணையாளர் தங்கள் நாய்க் கூண்டுகளோடு சியோலுக்கு வந்து ஆர்ப்பாட்டஞ் செய்தனர். இவர்களுட் பலர் முதியோர். முதியோரின் வறுமை மிகுந்த வளர்ச்சியடைந்த நாடுகளுள் கொரியா முன்னணியில் நிற்பது. நாயொன்றுக்கு 225,000 முதல் 600,000 வொன் வரை, விரைந்து மூடுவோர்க்குக் கூடுதலாக, ஈட்டுத்தொகை வகுக்கப்பட்டது. அது போதாதென்பது அவர்கள் முறையீடு. நாய்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தவணைக் காலத்துக்குள் அவற்றை இறைச்சிக்கே விற்றுத் தீர்ப்பதற்குத் தடையில்லை. சட்டம் இனிப் பிறக்கவிருந்த நாய்களைக் காத்தது. பிறந்துவிட்ட நாய்களுக்குப் போதிய வழி சொல்லவில்லை. இந்த இடைவெளியிலேதான் காப்பகமும் நிதி திரட்டலும் இன்றும் தம் பயனை உடையன.

வெளிநாட்டார் என்னும் சொல்லையும் நாம் சற்று ஆராய்தல் வேண்டும். கொரியாவில் இசைநிகழ்ச்சி நடத்தி நன்கொடை சேர்த்தோர் மட்டுமா வெளிநாட்டார்? 2004இல் தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ் நேபாளம், கம்போடியா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பண்ணைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கின்றனர். இலங்கையும் அத்திட்டத்தின் கீழ்த் தொழிலாளரை அனுப்பும் நாடு. 2020 டிசம்பர்க் கடுங்குளிரில், பொச்சொன் பகுதிக் காய்கறிப் பண்ணையொன்றில், பிளாஸ்ரிக் கொட்டகையுள் அமைந்த இருப்பிடத்தில் தங்கவைக்கப்பட்ட கம்போடியப் பெண் தொழிலாளி ஒருத்தி இறந்து கிடந்தாள். கொரியத் தொழிற் சட்டத்தின் வேலைநேர, ஓய்வு விதிகள் விவசாயத் தொழிலாளரை விலக்கிவைத்துள்ளன. கால்நடையாயினும் இறைச்சிச் சட்டத்துக்குப் புறம்பாக நாய் நின்றவாறே, தொழிலாளியாயினும் தொழிற் சட்டத்தின் முக்கிய விதிகளுக்குப் புறம்பாக இவள் நின்றாள். மலிவான உற்பத்தி, சட்டம் எட்டாத மூலைகளைத் தேடிச் செல்வது.

மனிதர் துன்புறுகையில் நாய்க்கு இரங்குவானேன் என்று கேட்பது எமது நோக்கமன்று. அக்கேள்வி பெரும்பாலும் இரு பாலார்க்கும் உதவாதோரின் கேள்வி. எமது நோக்கம் வேறு. இரக்கம் கொண்ட ஆசிரியன் நாட்காட்டி விற்கட்டும். மாணவன் காப்பகத்தைக் கழுவட்டும். அதனோடு, எந்தச் சட்டத்தின் எந்த வரி இந்த உயிரைப் புறத்தே நிறுத்தியது என்றும் அவர்கள் கேட்டறியட்டும். கொரிய மக்கள் நாயைப் பொறுத்தவரையில் அவ்வரியைத் தேடிக் கண்டு, தம் கையாலேயே மாற்றி எழுதினர். பொச்சொன் பண்ணையில் இறந்தவளின் தோழியருக்காக மாற்றப்பட வேண்டிய வரி இன்னும் மாற்றப்படாதிருக்கிறது.