கம்பா, கேழ்வரகா? ஸ்டீராய்டு மாத்திரையும் இரண்டு கூழும்

இருக்கன்குடிப் பக்கம் கூழ் என்றால் கம்மங்கூழ்தான். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்தக் கரிசலுக்குக் கம்பும் சோளமும் பழகிய பயிர்கள். கேழ்வரகு பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையிலிருந்து கடை வழியாக வந்து சேர்வது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்க நடந்து வருகிறவருக்கு எந்தக் கூழ் கிடைத்தாலும் களைப்பு தீரும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும் கொஞ்சம் யோசித்துக் கும்பாவை நீட்ட வேண்டும்.

இளைப்பு கடுமையானாலும் முடக்குவாதம் முற்றினாலும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கு நெருக்கடி வரும்போது கூடுதலாகச் சுரக்கும் கார்ட்டிசாலின் வேலையை இந்த மாத்திரை செய்கிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் இந்த வகை மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்தார். படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், 1950இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகளும் கூடவே வந்துவிட்டன. முகம் உப்பும், காலில் நீர் கோக்கும், சர்க்கரை ஏறும், தொடைத் தசை வற்றும். எலும்பு கரைவது வெளியே தெரியாது. முதல் சில மாதங்களில்தான் அது வேகமாகக் கரையும்.

எலும்புக் கணக்கில் கேழ்வரகுக்கு முன்னால் கம்பு நிற்கவே முடியாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. கம்பில் 27தான். ஒரு கும்பாக் கூழுக்கு ஐம்பது கிராம் மாவு என்று வைத்தால் கேழ்வரகு 180 தரும், கம்பு 14 தரும். இந்த மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு உணவும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள் வாதநோய் மருத்துவர்கள். கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் அந்தச் சத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தாலும் மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவிட்டாலும் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார் ருசிக்காகப் புளிக்கவைத்ததில் இந்த லாபமும் இருந்திருக்கிறது.

தசைக் கணக்கு வேறு. கம்பில் புரதம் நூறு கிராமுக்குப் பதினொன்று, கேழ்வரகில் ஏழு. சர்க்கரையிலும் கம்புக்கே என் ஓட்டு, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றிரண்டாக இடித்த கம்மஞ்சோறு மெதுவாகச் செரிக்கும். நைசாக அரைத்துத் தண்ணீராய்க் கரைத்தால் எந்தத் தானியமும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். கேழ்வரகென்றால் சர்க்கரை ஏறாது என்று நம்பிக் காலை மாலை அதையே குடிப்பது வீண் நம்பிக்கை. காலையில் மாத்திரை போட்டவருக்குச் சர்க்கரை மத்தியானத்திலிருந்து இரவுக்குள் ஏறுவதே வழக்கம். அதனால் மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழைக் காலைக்கும், பருப்பும் கீரையும் சேர்த்த கம்மஞ்சோற்றை அளவாக இரவுக்கும் வைப்பேன்.

இத்தனை கணக்கையும் கவிழ்க்கக்கூடியது தொட்டுக்கொள்கிற பொருள். சாலையோரக் கூழ் வண்டியைப் பாருங்கள்: மோர் மிளகாய், சீனியவரைக்காய் வத்தல், உப்பில் ஊறிய மாங்காய், கருவாடு. பிரெட்னிசோலோன் உப்பை உடம்பில் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற மருந்து. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்கிறது. மோர் மிளகாயும் கருவாடும் சேர்ந்தால் ஒரு வேளையிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். கருவாட்டு முள்ளில் சுண்ணாம்பு உண்டுதான், ஆனால் அதை உப்போடு வாங்க வேண்டியிருக்கிறது. பச்சை நெத்திலி கிடைத்தால் அந்தச் சங்கடமில்லை. சாத்தூர் சேவு மெல்லுகிற நேரத்துக்குச் சாத்தூர் வெள்ளரிக்காயைக் கடிக்கலாம், சின்ன வெங்காயம் வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியத்துக்கு வாழைப்பழமும் இளநீரும் ஆகும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இளைப்புக்காரர் வீட்டில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் அதிமதுரமும் இருக்கும். இருமலுக்கு நல்லதென்று மென்றுகொண்டேயிருப்பார்கள். அதிலுள்ள கிளிசரைசின் கார்ட்டிசாலைச் சிறுநீரகம் செயலிழக்கச் செய்வதைத் தடுக்கும். அதனாலும் உப்பு தேங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை செய்கிற அதே தொல்லையை வேரும் சேர்ந்து செய்யும். கம்பு, கேழ்வரகு இரண்டில் எதைக் குடித்தாலும் மாத்திரை நாட்களில் அதிமதுரம் வேண்டாம். கூழ் ஒத்துக்கொண்டது, முகம் வற்றியது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. பல வாரம் சும்மா இருந்த அட்ரினல் ஒரே நாளில் விழித்துக்கொள்ளாது. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.